கதவுக்கு வெளியே தெரிவது

நவம்பர் 12, புதன்.

இன்று ஒரு தவறு செய்தேன். வகுப்பு முடிந்து வரும்போது ஒருவர் என் பின்னாலேயே வந்தார். நான் தெரு மாறினேன். அவரும் மாறினார். ஓடினேன். அவரும் ஓடி வந்து என் குடையை நீட்டினார். எங்கள் வகுப்பு ஆசிரியர். மூச்சு வாங்கியதில் நன்றிகூடச் சொல்லவில்லை. பயந்தது தவறா, பயந்ததை வீட்டில் வந்து சொன்னது தவறா என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டாவதுதான்.

இரண்டாவதுதான் என்பதில் சந்தேகமே இல்லை. ஏனென்றால் சின்னவள் இதை டைரியில் எழுதிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த அறையில் அவளுடைய மொழி வகுப்புக்கு முடிவுகட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது.

"வாத்தியாரா இருந்ததால பிழைச்சோம். வேற எவனாவது இருந்திருந்தா?" என்றார் அத்தான்.

"வேற எவனா இருந்தாலும் குடையை எதுக்குக் கொண்டுவந்து குடுக்கப் போறான்?" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சிரி, நல்லா சிரி. நேத்து பக்கத்துப் படிக்கட்டு நர்ஸ் சிரிச்சுக்கிட்டேதான் கதவைத் திறந்தாங்களாம். இப்போ கன்னம் வீங்கிப் படுத்திருக்காங்க. இருட்டுறதுக்கு முன்னாடி எல்லாரும் வீட்டுக்குள்ள இருக்கணும். வகுப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

சின்னவள் எழுந்துபோய்க் கதவருகே நின்றாள். "அத்தான், இன்னும் ரெண்டு வகுப்பு விட்டா பரீட்சை எழுத விடமாட்டாங்க."

"அடுத்த வருஷம் எழுது."

அடுத்த வருஷம் எழுதுவதற்கு அவள் இந்த ஊரில் இருக்க வேண்டுமே! அந்த மொழிப் பரீட்சையில் தேறினால்தான் வேலை அனுமதி நீளும். அது அத்தானுக்கும் தெரியும். தெரிந்தும் சொன்னார் என்றால் அவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

அத்தானுடைய பயத்துக்குத் தினமும் தீனி போடுகிறவர் ஒருவர் இருந்தார். இங்கே குடியேறிய நம் ஊர்க்காரர்களின் வாட்ஸப் குழுவை நடத்துகிறவர். எச்சரிக்கை மாமா என்று அக்கா வைத்த பெயர் குழு முழுவதும் பரவி, கடைசியில் அவரே அப்படித்தான் கையெழுத்துப் போட ஆரம்பித்திருந்தார். பஸ்ஸில் நம் மொழியில் உரக்கப் பேசாதீர்கள். கழுத்தில் தங்கம் போடாதீர்கள். ரயிலில் கடைசிப் பெட்டியில் ஏறாதீர்கள். குளக்கரைப் பாதை வேண்டாம். நம்மைப் போன்ற வெளிநாட்டுக்காரர்கள் மூன்று பேர் அடிபட்ட பிறகு செய்திகள் மழையாகக் கொட்டின. முதலில் எதிர்க் கட்டடத்து மாணவி. அப்புறம் தெருமுனையில் இருக்கும் சமையல்காரரின் மனைவி. இப்போது நர்ஸ். 'இந்த ஊர்க்காரர்களுக்கு நம்மைக் கண்டாலே ஆகவில்லை, தெருவில் இறங்காதீர்கள்' என்பது மாமாவின் கடைசித் தகவல்.

சின்னவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பயம் ஒரு பக்கம் இருந்தாலும் அதற்கு அடியில் வேறொன்று நெருடிக்கொண்டே இருந்தது. தெருவில் இறங்காதே என்கிறார்கள், சரி. அந்த மூன்று பேரில் தெருவில் அடிபட்டது யார்?

யாருமே இல்லை. மூவரும் வீட்டுக்குள்தான் இருந்தார்கள்.

மறுநாள் வேலை முடிந்ததும் அதே கட்டடத்தின் அடுத்த படிக்கட்டில் குடியிருக்கும் நர்ஸைப் பார்க்கப் போனாள். தட்டியதும் கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து மூன்று தரம் பெயர் கேட்டு, குரலை அடையாளம் கண்டு, அப்புறம்தான் தாழ்ப்பாள் விலகியது. நர்ஸின் இடது கன்னம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"வா, உட்காரு. பயப்படாதே, பல்லு எல்லாம் பத்திரமா இருக்கு. ஒண்ணு மட்டும்தான் ஆடுது. ராத்திரி டியூட்டி பார்த்துட்டு வந்து படுத்திருந்தேன். யாரோ தட்டினாங்க. பார்சல்னு நினைச்சு, ஈன்னு இளிச்சுக்கிட்டே திறந்தேன். திறந்ததும் ஒரே தள்ளு."

"ஏதாவது கேட்டானா அக்கா?"

"எதுவும் கேக்கல. அதுதான் எனக்கு இன்னமும் ஆறல. புது வீட்டுக்குள்ள நுழையற திருடன் அப்படி இப்படி பார்க்க மாட்டானா? உள்ள ஆம்பளை இருக்கானா, நாய் இருக்கான்னு? இவன் திரும்பிக்கூடப் பார்க்கல. நான் தனியா இருக்கேன்னு தெரிஞ்சேதான் வந்தான். கூச்சல் போட்டதுக்கு ஒரு அறை. பையையும் போனையும் எடுத்துக்கிட்டு நடந்தே போனான். ஓடக்கூட இல்ல, பாவி."

தெரிந்தே வந்தான். எப்படித் தெரியும்? கீழே அழைப்பு மணிப் பலகையில் பெயர்கள் கிடையாது, எண்கள் மட்டும்தான். ஜன்னல்களெல்லாம் பின்பக்கம். கதவில் ஒரு சின்னக் கண்ணாடித் துளை உண்டு. ஆனால் அது உள்ளேயிருந்து வெளியே பார்க்கத்தான்.

வெள்ளிக்கிழமை வேலையிலும் இதே நினைப்பு. அவள் வேலை பார்த்தது மூக்குக்கண்ணாடி செய்யும் பட்டறையில். கண்ணாடி வில்லையில் மையப்புள்ளி குறித்து, மெஷினில் விளிம்பைச் சீவி, பிரேமுக்குள் அழுத்திப் பொருத்துவது அவள் வேலை. சிலர் பழைய பிரேமிலேயே புது வில்லை கேட்பார்கள். அப்படி வரும் பிரேம்களை வைத்து அவளும் பக்கத்து மேஜைக்காரியும் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். முகம் தெரியாத சொந்தக்காரர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

"வலது காதுக் கொம்பு மட்டும் வளைஞ்சிருக்கு. ஒத்தைக் கையால கழட்டுற ஆள்" என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

"காதுக் கொம்புல பல்லுத் தடம் இருக்கு. எதையோ யோசிச்சுக் கடிக்கிறவர்."

"கணக்கு வாத்தியார்."

"இல்லேன்னா கடன்காரர்."

சிரித்துக்கொண்டே பிரேமைத் தட்டில் வைத்தாள். அன்று வகுப்பு நாள். ஆறரை மணிக்கு மற்றவர்கள் பெஞ்சில் உட்காரும் நேரத்தில் அவள் வீட்டுப் படிக்கட்டு ஏறிக்கொண்டிருந்தாள். விட்டது ஒன்று, பாக்கி ஒன்று. மூன்றாம் மாடி திரும்பியதும், 'அத்தான் இன்னும் வரவில்லை, அக்கா மட்டும்தான் இருக்கிறாள்' என்று நினைத்துக்கொண்டே மணியை அழுத்தக் கை நீட்டினாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது. அக்கா மட்டும் இருப்பது எனக்கு எப்படித் தெரிந்தது?

குனிந்து பார்த்தாள். கதவுக்குப் பக்கத்தில் செருப்பு வைக்கும் சின்ன அலமாரி. அதில் அக்காவின் நீலச் செருப்பு மட்டும் ஒரு ஜோடி. அத்தானின் கனத்த பூட்ஸ் இருக்கும் இடத்தில் புழுதித் தடம்.

எதிர்வீட்டுக் கிழத் தம்பதி இந்த ஊர்க்காரர்கள். அவர்கள் வாசல் துடைத்துவிட்டது போல இருந்தது. மேல்மாடியில் இருந்த இந்த ஊர்க்காரர் வீட்டு வாசலும் அப்படித்தான். அவர்கள் செருப்பைக் கதவுக்கு உள்ளே கழற்றுகிறவர்கள். வந்த இடத்துக்காகச் சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொண்டாயிற்று, உடுப்பை மாற்றிக்கொண்டாயிற்று, பஸ்ஸில் குரலைக்கூடத் தணித்துக்கொண்டாயிற்று. செருப்பை வாசலில் விடுவதை மட்டும் நம்மவர்கள் யாரும் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை. நம் கையும் காலும் தாமாகச் செய்கிற காரியம் அது.

உடனே அக்காவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் சின்னவளுக்குத் தன் யோசனைமேல் அவ்வளவு நம்பிக்கை எப்போதும் வந்ததில்லை. குடைக்காரரைத் திருடன் என்று எண்ணி ஓடியவள்தானே! முதலில் சரிபார்க்க வேண்டும் என்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை பகலில் பக்கத்துப் படிக்கட்டில் ஏறி, உச்சி மாடியிலிருந்து ஒவ்வொரு மாடியாக இறங்கினாள். 'நான் திருடனாக இருந்தால் எந்தக் கதவைத் தட்டுவேன்?' இது மட்டும்தான் கேள்வி. பதில் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. இங்கே நாலு ஜோடி ஆண் பூட்ஸ், வேண்டாம். இங்கே செருப்பே இல்லை, உள்ளூர் ஆள், யார் இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது, வேண்டாம். இங்கே ஒரு பெண்ணின் செருப்பு, பக்கத்தில் குழந்தையின் குட்டிச் செருப்பு. இதுதான்.

நன்றாகப் பார்க்கக் குனிந்தாள்.

எதிர்க்கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. இடுக்கில் ஒரு பெண்ணின் கண். போனைக் காதில் வைத்த கை. அந்தக் கண்ணில் இருந்த பயம் சின்னவளுக்கு நன்றாகப் பழக்கப்பட்டது. இத்தனை நாள் அது தன் கண்ணில் இருந்தது. இன்று தன்னைப் பார்த்து இன்னொருவர் பயப்படுகிறார். ஏதாவது சொல்லலாம் என்று வாய் திறப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. கீழேயிருந்து கட்டடத்து வாட்ச்மேன் தடதடவென்று ஏறி வந்தார்.

"இந்தப் படிக்கட்டில் உனக்கு என்ன வேலை?" இந்த ஊர் மொழியில்தான் கேட்டார். அவளுக்கு முழுதும் புரிந்தது. வகுப்பு வீண்போகவில்லை. ஆனால் பதில் சொல்ல வகுப்பில் சொல்லித்தந்தது எதுவும் உதவவில்லை. ரயில் எத்தனை மணிக்கு, தக்காளி என்ன விலை, என் தலை வலிக்கிறது. இவைதான் வரிசையாக நாக்கில் வந்து நின்றன.

"நான் பக்கத்தில் குடியிருக்கிறேன். நான் செருப்புகளைப் பார்க்கிறேன்" என்றாள்.

"செருப்புகளை?"

"ஆமாம். எல்லாருடைய செருப்புகளையும்."

அதற்குமேல் விளக்கம் கேட்க வாட்ச்மேனுக்குப் பொறுமை இல்லை. அவளை முன்னால் நடக்கவிட்டு, பின்னாலேயே வந்து, அத்தானிடம் ஒப்படைத்துவிட்டு, "இன்னொரு முறை என்றால் போலீஸ்தான்" என்று விரலை ஆட்டிவிட்டுப் போனார்.

அத்தானுக்கு முகம் வெளிறிவிட்டது. "போலீஸ் கேஸ் ஆச்சுன்னா பரீட்சையும் இல்ல, அனுமதியும் இல்ல, நேரா ஏர்போர்ட்தான். என்னம்மா பண்ணிக்கிட்டிருந்த அங்க?"

சொன்னாள். தட்டுத்தடுமாறி, முன்னுக்குப் பின் வரிசை மாறி, முழுவதையும் சொன்னாள்.

"செருப்பு வெளிய கிடந்தா செருப்பைத்தான் திருடுவான். நீ துப்பறியப் போய் நீயே மாட்டிக்கிட்டதுதான் மிச்சம்" என்றார் அத்தான்.

"சரி அத்தான். ஒரே ஒரு தடவை வெளிய வாங்க. யார் வீட்லயும் மணி அடிக்க வேண்டாம். இந்த மாடியில இப்போ யார் யார் வீட்ல இருக்காங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"இது என்ன விளையாட்டு?" என்று முணுமுணுத்தபடி, பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தார். அக்காவும் கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"எதிர்ல கிழவர் வீடு" என்று ஆரம்பித்தார் அத்தான். "அது எப்படித் தெரியும்? ஒண்ணும் தெரியல. மூலை வீட்ல ஓட்டல்காரப் பசங்க மூணு பேரும் இருக்காங்க. மூணு ஷூவும் கிடக்குது. பக்கத்து வீட்ல... அவர் வேலைக்குப் போயிட்டார். அந்தம்மா கடைக்குப் போயிருக்காங்க. பையன் மட்டும்..."

அத்தான் நிறுத்தினார். அந்த வாசலில் கிடந்த ஒரு ஜோடி சின்ன ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பையன் மட்டும் தனியா இருக்கான்" என்றார், குரல் இறங்கி.

அவர் மெல்லத் திரும்பித் தன் வீட்டு அலமாரியைப் பார்த்தார். பூட்ஸ் அவர் காலில் இருந்தது. அலமாரியில் அக்காவின் நீலச் செருப்பும், அதை ஒட்டித் தங்கையின் செருப்பும்.

"நான் டிப்போவுக்கு வேலைக்குப் போற ஒவ்வொரு நாளும் உள்ள பொம்பளைங்க மட்டும்தான்னு வாசல்ல எழுதி ஒட்டிட்டுப் போயிருக்கேனா?" என்றார். குனிந்து இரண்டு ஜோடிச் செருப்பையும் கையிலேயே அள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

அதோடு வகுப்புப் பிரச்சினை தீர்ந்தது என்று சின்னவள் நினைத்தாள். தீரவில்லை, திசை மாறியது. ராத்திரிச் சாப்பாட்டின்போது அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"எனக்கு அடுத்த வாரம் பூரா சாயங்கால ஷிஃப்ட். இவளும் வகுப்புக்குப் போயிட்டா நீ வீட்ல தனியா இருப்பியே?" என்றார் அக்காவைப் பார்த்து.

"ஓ, நேத்து வரைக்கும் அவளைக் காப்பாத்த என்னைக் காவல் வச்சீங்க. இப்போ என்னைக் காப்பாத்த அவளைக் காவல் வைக்கணுமா? அவ போகட்டும். பரீட்சை போச்சுன்னா அவளை இந்த ஊரை விட்டே அனுப்பிடுவாங்க, அதுக்கு எந்தத் திருடனும் வேண்டாம். நான் கதவைத் திறக்க மாட்டேன், அவ்வளவுதான். யார் தட்டினாலும் திறக்க மாட்டேன். நீங்க தட்டினாலும்."

"நான் தட்டினா திறக்கணும்டி."

"போன் பண்ணிட்டு வாங்க."

அத்தான் ஒரு வாய்ச் சோறு சாப்பிட்டுவிட்டு, "வாத்தியார்கூடவே பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துடு" என்றார். அதுதான் சம்மதம்.

சாப்பாடு முடிந்து அத்தானே எச்சரிக்கை மாமாவை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். மாமா முழுதும் கேட்டுவிட்டு, "என்னப்பா இது, தெருச் செருப்பை வீட்டுக்குள்ள கொண்டுபோனா வீடு என்னத்துக்கு ஆகும்?" என்றார் முதலில். அப்புறம், "என் பொண்ணு பகல்ல தனியாத்தான் இருப்பா" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. அடுத்த நொடியே பழைய மாமா ஆகிவிட்டார். "ஒரு யோசனை! எல்லாரும் பெரிய ஆம்பளை பூட்ஸ் ஒண்ணு வாங்கி வெளிய வச்சிடுவோம்!"

"வேண்டாம் மாமா. எல்லார் வாசல்லயும் ஒரே கடை பூட்ஸ், விலைச்சீட்டோட உட்கார்ந்திருக்கும். திருடன் சைஸ் பார்த்து எடுத்துக்குவான்" என்றாள் அக்கா.

சின்னவள் தன் அறைக்கு வந்து எழுத உட்கார்ந்தாள். செருப்புதான் காரணம் என்று உறுதியாக எழுத அவளால் முடியவில்லை. அவன் பிடிபடவில்லை. வேறு எதைப் பார்த்தும் தெரிந்துகொண்டிருக்கலாம். வாசலைத் துடைத்துவைத்தால் மட்டும் கதவைத் தட்டாமல் போய்விடுவானா என்பதும் தெரியாது. எழுதி, அடித்து, பிறகு இப்படி எழுதினாள்:

நவம்பர் 15, சனி. மூன்று வீடுகளிலும் அன்று வாசலில் என்ன கிடந்தது என்று நான் இன்னும் யாரையும் கேட்கவில்லை. நர்ஸ் அக்காவிடம் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தும் கேட்கத் தோன்றவில்லை. எதிர்க்கதவு அம்மாவைப் பயமுறுத்தியதற்கும் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

நாளை: அக்காவும் நானும் முதலில் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, பக்கத்துப் படிக்கட்டில் ஒவ்வொரு மாடியாகப் போய், செருப்பை உள்ளே வைக்கும்படி எல்லா வீட்டிலும் சொல்ல வேண்டும்.