குப்புறப் படுத்தவனின் இடது பக்கம்

என் மனைவி நர்சிங் கல்லூரியில் உடற்கூறியல் நடத்துகிறாள். இடது, வலது என்றால் அது பார்ப்பவருடையது அல்ல, உடம்புடையது என்பது அவளுடைய முதல் பாடம். உடம்பு நேராக நின்று, முகமும் உள்ளங்கையும் நம்மைப் பார்த்திருக்க வேண்டும்; அதன் இடது நமக்கு வலப்பக்கம் தெரியும். வீட்டிலும் இதே கதைதான். "சாவி அலமாரிக்கு இடது பக்கம் இருக்கு" என்பாள். நான் தேடிச் சலித்த பிறகு, "அலமாரியோட இடதுங்க, உங்களோடது இல்ல" என்பாள். அலமாரிக்கு எது முகம், எது முதுகு என்று நான் எந்தக் கல்லூரியில் போய்ப் படிப்பது?

அன்று காலை அவளைச் சீண்ட எனக்குத் தெம்பில்லை. அவளுடைய தம்பிக்கு ஆபரேஷன். இடது சிறுநீரகம் கெட்டுப்போய்விட்டது, எடுத்தாக வேண்டும். வலதை நம்பித்தான் இனி அவன் உயிர். பக்கம் மாறிவிட்டால் என்ன ஆவது என்று நாள்கணக்காக அவள் அதையே மென்றுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி அறையில் கால் தரிக்கவில்லை. ஜன்னலுக்குப் போனாள், கதவுக்கு வந்தாள், தம்பியின் போர்வையை இழுத்துவிட்டாள், மறுபடி ஜன்னலுக்குப் போனாள்.

"கொஞ்சம் உக்காரேன்."

"உக்காந்தா எல்லாம் சரியாயிடுமா?" என்று எரிந்து விழுந்தாள். எனக்கும் பயம்தான். காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மல்லாந்து படுத்தால் வலிக்கிறது என்று தம்பி குப்புறப் படுத்திருந்தான். டாக்டர் வந்து அவன் முதுகில் பேனாவால் அம்புக்குறி போட்டுவிட்டுப் போனார். பிறகு ஒரு ஊசி போட்டு, குப்புறப் படுத்தபடியே ஸ்ட்ரெச்சரில் ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். அவள் கால்மாட்டில் நின்று அவன் பாதத்தைப் பிடித்திருந்தாள். நர்ஸ் போர்வையை விலக்கினாள். குறி கண்ணில் பட்டதும் என் மனைவி கத்திவிட்டாள்.

"நிறுத்துங்க! பக்கம் மாறிப்போச்சு. இது வலது!"

டாக்டர் வெளியே வந்தார். கோபப்படவில்லை. தம்பியின் காதருகே குனிந்தார்.

"எந்தப் பக்கம் வலிக்குதுன்னு நீங்களே கையை அசைச்சுக் காட்டுங்க."

குறி இல்லாத பக்கத்துக் கை அசைந்தது.

"என்னங்க நடக்குது இங்க?" என்று நானும் கூச்சல் போட்டேன். எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, ஸ்கேன் படத்தைக் கொண்டுவரச் சொன்னார் டாக்டர். அது வருவதற்குள் நான் செத்துப் பிழைத்தேன். அவர் படத்தையும் முதுகையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டீச்சர், குறி சரியாத்தான் இருக்கு. இவர் உங்களுக்கு முகத்தையா காட்டிட்டு இருக்கார்? முதுகைக் காட்டிப் படுத்திருக்கார். உங்க இடதுதான் இவருக்கும் இடது."

அவள் தன் இடது கையைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

எனக்கு அவன் மேல்தான் ஆத்திரம் வந்தது. "ஏண்டா, வலிக்கிற பக்கம் உனக்குத் தெரியாதா?"

"தெரியும் மாமா." மருந்தில் நாக்கு குழறியது. "குறி போட்ட பக்கம் வலதுன்னு அக்கா சொல்லிச்சு. அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு மாத்திட்டேன்."

அவள் தலைமாட்டுக்கு ஓடிவந்து அவன் கன்னத்தோடு கன்னம் வைத்து அழுதாள்.

"இனிமே நான் சொல்றதைக் கேக்காதேடா. என்ன சொன்னாலும் கேக்காதே."

"சரிக்கா" என்றான்.