டாக்டர் அல்ல

“‘டாக்டர் அல்ல’ன்னு ஒரு வரி இருக்கே ஐயா, அது தவறுதலா வந்துருச்சா?”

பத்திரிகை அலுவலகத்துப் பெண் போனில் கேட்டபோது சத்தியசீலன் கூடாரத்துக் கயிற்றை வாசல் கம்பத்தில் இறுக்கிக்கொண்டிருந்தான்.

“இல்லம்மா, சரியாத்தான் இருக்கு. மகன் சத்தியசீலன், பக்கத்துல அடைப்புக்குள்ள லாரி ஓட்டுநர், டாக்டர் அல்ல. அப்படியே போடுங்க.”

“எடிட்டர்கிட்ட கேட்டுட்டுக் கூப்பிடுறேங்கய்யா.”

தங்கை ஷாமளா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

“அப்பா போயி ஆறு மணி நேரங்கூட ஆவல. மரண அறிவிப்புலயா ஒன் சண்டைய வெச்சுக்குவ?”

“வேற எதுல வெச்சுக்கிறது? முப்பத்தி நாலு வருஷத்துக்கு முந்தி ஒரு திருத்தம் போடச் சொல்லிக் கேட்டேன். போட்டாரா? இன்னிக்கு விட்டா இனி எனக்கு ஏது பேப்பரு?”

கூடாரத்துக்குள் பிச்சை மாமா கோப்பியை ஆற்றியபடி வந்தவர்களிடம் கதை அளந்துகொண்டிருந்தார். “என்னைக் கொன்னவன் போயிட்டான்லா!” என்று அவர் சொன்னதும் சாவு வீடென்றும் பாராமல் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. அவருடைய அண்ணன் இறந்தபோது, பத்திரிகைக்குச் செய்தி எழுதிவந்த சத்தியசீலனின் அப்பா அழகேசன் அவசரத்தில் தம்பி பெயரை எழுதி அனுப்பிவிட்டார். ‘பிச்சை காலமானார்’ என்று கொட்டை எழுத்தில் வந்தது. கோத்தா கோலா மூடாவிலிருந்து மாமியார்க்காரி பஸ் ஏறி, வழி நெடுக மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். இங்கே மருமகன் சம்மணம் போட்டுக் கருவாட்டுக் குழம்பை வழித்துக்கொண்டிருந்தார். அழுத அழுகையெல்லாம் வீணாய்ப் போன ஆத்திரத்தில் அந்த அம்மாள் சாகும்வரை அவரிடம் பேசவில்லை.

“அந்த ஒரு தலைப்புக்காவது நான் அழகேசனுக்கு நன்றி சொல்லணும்,” என்றார் பிச்சை மாமா.

அழகேசன் காலையில் பால்மரம் வெட்டுவார். மத்தியானம் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு செய்தி எழுதுவார். காலடித் தடம் ஒன்றைக் கண்டு ‘தோட்டத்தில் புலி நடமாட்டம்’ என்று அவர் எழுத, மூன்று நாள் ஒரு சனம் காட்டுக்குள் போகவில்லை. கடைசியில் வைத்த கூண்டில், வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் கிடா விழுந்தது. மனுஷன் அத்தோடு விட்டாரா? ‘புலிக்கு வைத்த கூண்டில் மண்டோரின் ஆடு’ என்று அதையும் எழுதி அனுப்பினார். மண்டோர் அவரை மேட்டுக்காட்டு மரங்களுக்கு மாற்றிவிட்டார். ஆறு மாதம் மூச்சு வாங்க ஏறி இறங்கினார், எழுதுவதை மட்டும் விடவில்லை.

ஊரார் இதையெல்லாம் சிரித்து மறந்தார்கள். சத்தியசீலனால்தான் முடியவில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மருந்து கொடுப்பவர் டிரசர். லயத்து வீடுகளில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எல்லாருக்கும் அவர் டாக்டரய்யாதான். பத்தொன்பது வயதில் சத்தியசீலனுக்கு அந்த டிரசர் வேலை ஏறக்குறைய உறுதியாயிற்று. அப்பனுக்குக் கால் தரையில் நிற்குமா? வாயில் வழங்குகிறபடியே, மகனுக்கு டாக்டர் வேலை என்று எழுதி அனுப்பினார். ‘பால்மரத் தொழிலாளி மகன் டாக்டராகிறார்!’ என்று பத்திரிகை போட்டது. கோயிலில் மாலை போட்டார்கள். பாலிங்கிலிருந்து பெண் கேட்டுக்கூட வந்தார்கள். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அந்தத் தலைப்பைத் தோட்டத்துத் தொரைக்குப் படித்துச் சொன்னார். பெரிய டாக்டராகப் போகிறவனுக்கு இந்தச் சின்ன வேலை எதற்கு என்று தொரை கேட்க, வேலை கிராணியின் மச்சானுக்குப் போனது.

சத்தியசீலன் லாரி ஏறினான். ஊர் அவனை டாக்டர் என்றே கூப்பிட்டது. “பேப்பருல வந்ததைத் திருப்பி எழுதுனா பேப்பருக்கு என்னடா மதிப்பு?” என்று அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். பிறகு இருவருக்கும் இடையே “சாப்பிட்டியா”, “சாப்பிட்டேன்” தவிர வேறு பேச்சில்லை.

போன் மறுபடி அடித்தது.

“எடிட்டர் சரின்னுட்டாருங்க. அப்பா பேருக்கு முன்னால ஏதாவது போடணுமாங்கய்யா? சமூக சேவையாளர், அப்படி ஏதாவது?”

“சேவையெல்லாம் ஒண்ணுமில்லம்மா. ஒங்க பேப்பருக்குத்தான் செய்தி எழுதுனாரு. நாப்பத்தோரு வருஷம்.”

“எங்களுக்கா? அழகேசன்னு பேரு பார்த்த மாதிரி இல்லையே.”

“பேரு எங்க போட்டீங்க? ‘நமது நிருபர்’னு போடுவீங்க.”

“அப்படின்னா ‘நமது நிருபர் அழகேசன்’னே போட்டுரலாமாய்யா?” என்றாள். “ஆனா பக்கம் நெறஞ்சிருச்சு. இந்தக் கட்டத்துல ஒரு வரி கூடுது. எதை எடுக்கட்டும்?”

சத்தியசீலன் கூடத்தைப் பார்த்தான். அப்பாவின் தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். கோபம் அப்படியேதான் இருந்தது. அதோடு அழுகையும் வந்தது. அவன் அதை எதிர்பார்க்கவில்லை.

“என் பேருக்குப் பக்கத்துல இருக்கே, அதை எடுத்துருங்க.”

“டாக்டர் அல்ல மட்டுமா?”

“லாரி ஓட்டுநரும் வேண்டாம், ரெண்டையும் எடுத்துருங்கம்மா. பேரு மட்டும் இருக்கட்டும்.”

பெட்டி வேன் வாசலில் வந்து நின்றது. அடுத்த வீட்டுச் செல்லாயி அத்தை கதவோரம் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள். “டாக்கிட்டரு தம்பி! பெட்டி வந்துருச்சு, அப்பாவைத் தூக்கணும். தலைமாட்டுல நீதாய்யா நிக்கணும்.”

ஷாமளா சட்டென்று அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

“இதோ வர்றேன் அத்தை,” என்றான் சத்தியசீலன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், குனிந்து, அப்பாவின் பிடரிக்கு அடியில் கையைக் கொடுத்தான்.