ரிம்பாவில் ஒரு குறையும் இல்லை

ஆற்றங்கரையில் நின்று, கேமராவைப் பார்த்து, "ரிம்பாவுல ஒரு குறையும் இல்ல" என்று சாத்தப்பன் சொன்னபோது மணி ஒன்பதே முக்கால். இன்னும் அரைமணி நேரத்தில் அந்தப் பேச்சு தொண்டையில் முள்ளாக நிற்கப்போகிறது என்று அவருக்கு அப்போது தெரியாது. தெரியாது என்று முழுசாகச் சொல்லிவிடவும் முடியாது. கொஞ்சம் தெரியும்.

ரிம்பா ஒரு குட்டி ஜீப். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், காட்டுக்குள்ளும் போகும். மலேசியாவில் இவர்கள் ஊரான ஸ்கூடாய் கடைத்தெருவில் இரண்டு காருக்கு நடுவே செருகியும் நிறுத்தலாம். முன்பக்கம் பார்த்தால் சிரிக்கிற முகம் மாதிரி இருக்கும், வாங்கியவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் விழுந்தார்கள். மீதிப் பேர் சாத்தப்பனைக் கேட்டு விழுந்தார்கள். சாத்தப்பன் தொழில் காப்புறுதி விற்பது. வாரம் ஆறு நாள் அடுத்தவருக்கு வரக்கூடிய ஆபத்தையெல்லாம் விலாவாரியாக எடுத்துச் சொல்லிப் பயமுறுத்துகிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை ரிம்பாவில் ஏறினால் மட்டும் உலகத்தில் ஆபத்து என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுவார்.

'ரிம்பா குடும்பம், ஜோகூர்' என்ற வாட்ஸ்அப் குழுவை ஆரம்பித்தவர் அவர்தான். இருபத்து மூன்று குடும்பம். அதில் ஒரு எழுதாத சட்டம் உண்டு. வண்டியைப் புகழ்வது குழுவில், குறை சொல்வது சாத்தப்பனிடம் தனியாக. "நம்ம வண்டிய நாமளே கேவலப்படுத்துனா, மத்தவன் என்ன நெனைப்பான்?" என்பார். யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. தாங்கள் ஏமாந்துபோய் வண்டி வாங்கியதாக யாரும் நினைக்கக்கூடாது என்பது எல்லோருக்குமே வேண்டியதாக இருந்தது.

அன்று ஏழு ரிம்பாக்கள் பெக்கோக்கிலிருந்து எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் கிளம்பியிருந்தன. முன்னால் காசிவிஸ்வநாதன், சாத்தப்பனின் பால்ய நண்பர். அவர் வண்டியின் பின்சீட்டில் பேத்தி, பக்கத்தில் கார்களைப் பற்றி வீடியோ போடும் சுகந்தினி. வண்டி வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று படம் பிடிக்க வந்திருந்தாள். ஆற்றங்கரையில் ஒவ்வொருவராக நிற்கவைத்துக் கேட்டாள்.

"மூணு வருஷம் ஆச்சு. சர்வீஸுக்குத் தவிர வொர்க்‌ஷாப் பக்கமே போனதில்ல" என்றார் காசி.

"பின்சீட்டு குறுகல் லா, மாமியார் ஏற மாட்டேன்றாங்க" என்றார் சபாபதி. "அதையும் நல்ல விஷயத்துலயே சேத்துக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து செல்வராணி. சிங்கப்பூர் மருத்துவமனையில் நர்ஸ், தினமும் விடியுமுன் எல்லைப் பாலம் தாண்டிப் போய் வருகிறவள். வண்டி வாங்கி இரண்டு மாதம்தான். "எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது. சாத்தப்பன் அண்ணே எழுதுனதப் படிச்சேன். வாங்கிட்டேன்" என்றாள் வெட்கத்தோடு. கடைசியில்தான் சாத்தப்பன் வந்து நின்று, ஒரு குறையும் இல்லை என்ற அந்த மகாவாக்கியத்தைச் சொன்னார்.

முந்தின நாள் மலைப்பக்கம் மழை. வழக்கமாகச் சக்கரத்தில் பாதியைத் தொடுகிற ஆறு, இன்று முன்விளக்கு வரை இருந்தது. செல்வராணி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த அழகம்மை, சாத்தப்பனின் மனைவி, தன் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

"நான் அந்தப் புள்ளகூடப் போறேங்க. தனியா பயப்படுது."

சாத்தப்பன் தடுக்கக் கையைத் தூக்கினார். ஆனால் கேமரா இன்னும் அவர் பக்கமே திரும்பியிருந்தது. "போ, போ" என்று சிரித்துக்கொண்டே கை ஆட்டினார்.

ஏழு வண்டியும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அக்கரை ஏறின. வாக்கிடாக்கியில் ஒரே கூச்சல், கைதட்டல். சாத்தப்பன்தான் கடைசி வண்டி. அவருக்கு முன்னால் செல்வராணியின் வெள்ளை ரிம்பா. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து அடித்து இரண்டு நிமிடம்.

பிப்ரவரியில் இதே ஆற்றை அவர் தனியாக வந்து கடந்திருந்தார். அன்றும் தண்ணீர் இப்படித்தான் இருந்தது. கரையேறிப் பதினெட்டு நிமிடம் கழித்து, சமதரையில் போய்க்கொண்டிருந்தபோது எஞ்சின் பட்டென்று அணைந்தது. ஸ்டியரிங் இறுகிப்போனது. பிரேக் இரண்டாவது மிதியில் கல்லானது. வண்டி தானாக உருண்டு ஒரு செம்பனை மரத்தடிக் குழியில் விழுந்து நின்றது. யாரும் பார்க்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே ஒரு போத்தல் தண்ணீரையும் குடித்துத் தீர்த்தார்.

ஸ்கூடாயில் வேலுவின் வொர்க்‌ஷாப்புக்கு வண்டியை இழுத்துப் போனார். வேலு டேஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒயர் உள்ள வர்ற ஓட்டைல ரப்பர் சரியில்ல அண்ணே" என்றார். "தண்ணி இந்த ஒசரம் வந்தா உள்ள ஏறிடுது. மெதுவா ஊறி, பதினஞ்சு இருபது நிமிஷத்துல எஞ்சின அணைச்சிடுது. இது உங்க வண்டிக்கு மட்டும் இல்ல, எல்லா ரிம்பாலயும் இதே ரப்பர்தான். உங்க குரூப்ல சொல்லிடுங்க." புது ரப்பர் வைத்துப் பசை பூசி அடைக்கப் பத்து நிமிடம் ஆனது.

சாத்தப்பன் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தார். லாயாங் லாயாங்கில் இருக்கும் ராஜசேகரன் அடுத்த மாதமே, ஆற்றைக் கடந்ததும் வண்டி நின்றுவிட்டது என்று குழுவில் எழுதினார். நாலே நிமிடத்தில் அதை அழித்தது யார்? இவர்தான். "ஓட்டத் தெரியாம வண்டியக் குத்தம் சொல்லாதீங்க சார்" என்று தனியாக வேறு எழுதிவிட்டார். ராஜசேகரன் குழுவை விட்டே போய்விட்டார். அதன் பிறகு நாளைக்குச் சொல்வதற்கும் வழியில்லாமல் போனது.

இன்று அவர் வண்டி அடைக்கப்பட்ட வண்டி. அழகம்மை உட்கார்ந்திருப்பது அடைக்காத வண்டி.

பத்து பதிமூன்று. பாதை சமதரையாகத்தான் இருந்தது. ஆனால் இன்னும் ஒரு கிலோமீட்டரில் முதல் இறக்கம். இடது பக்கம் செம்மண் மேடு, வலது பக்கம் வெறும் பள்ளம், நடுவில் ஒரு வளைவு. சாத்தப்பன் வேகத்தைக் குறைத்தார். வாக்கிடாக்கியை எடுத்தார்.

"காசி, எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க. டீ குடிச்சிட்டு எறங்கலாம்."

"அலமாக், மேல பாத்தியா? கருத்துக்கிட்டு வருது" என்று காசியின் குரல் வந்தது. "நனைஞ்சா இந்த மண்ணு சோப்பு மாதிரி ஆயிடும். மூணு எறக்கமும் முடிச்சிட்டுக் குடிப்போம்."

அதுவும் நியாயம்தான். நியாயமில்லாதது இவர் வாய்க்குள் இருந்தது. அதைச் சொன்னால் போதும், ஏழு வண்டியும் நின்றுவிடும். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் அதை ஏழு வண்டியும் கேட்கும், சுகந்தினியின் கேமராவும் கேட்கும், எல்லோருக்கும் மேலாக அழகம்மை கேட்பார். சாத்தப்பன் பொத்தானை அழுத்தினார்.

"செல்வராணி, நீங்க மட்டும் நில்லுங்க மா."

"ஏண்ணே? நான் எதாச்சும் தப்பா ஓட்டுறேனா?" பதறிக்கொண்டு கேட்டாள். அவளுக்காக வாக்கிடாக்கியைக் கையில் வைத்திருந்தவர் அழகம்மை. அவர் குரலும் கூடவே வந்தது. "என்னங்க, வயிறு சரியில்லையா? காலைலயே சொன்னேன், சம்பல அள்ளிப் போட்டுக்காதீங்கன்னு."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வந்ததும் சாத்தப்பனின் தைரியம் அதோடு போய்விட்டது. "ஒண்ணுமில்ல. பாத்து எறங்குங்க" என்றார். சொன்ன மறுகணமே தன்மேல் அருவருப்பாக இருந்தது. எல்லா வண்டிக்கும் அப்படி ஆகவேண்டும் என்று சட்டமா? இன்றைக்கேவா ஆகப்போகிறது? காப்புறுதி வேண்டாம் என்று கதவைச் சாத்துகிறவர்கள் இவரிடம் சொல்கிற அதே பேச்சு.

முன்னால் போன ஐந்து வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வளைவில் மறைந்தன. செல்வராணியின் வண்டி மெல்ல மூக்கைக் கவிழ்த்தது. பத்து பதினெட்டு. சாத்தப்பன் இறக்கத்தின் தலைப்பில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். கையில் வாக்கிடாக்கி. "முருகா, வளைவு வரைக்கும், வளைவு வரைக்கும் மட்டும்" என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டார்.

அந்த எஞ்சின் சத்தம் நின்றது. அவ்வளவுதான். வேறு எந்தச் சத்தமும் இல்லை. வெள்ளை வண்டி மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

"என்னங்க! வண்டி அணைஞ்சிருச்சு, ஆனா ஓடுது, என்னங்க!"

"பிரேக்க விட்டு விட்டு மிதிக்காதே!" என்று கத்தினார். அங்கே கேட்கவில்லை. அழகம்மை பயத்தில் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தார், அவர் விட்டால்தான் இவர் பேச்சு அந்தப் பக்கம் போகும். வாக்கிடாக்கியில் அழகம்மையின் மூச்சும், "அண்ணே அண்ணே" என்ற செல்வராணியின் அழுகையும் மட்டும் வந்துகொண்டே இருந்தன. சாத்தப்பன் சரிவில் ஓடினார். செருப்பு ஒன்று கழன்று போனது. முப்பது வருடம் கூட வாழ்ந்தவள், ஒரு ரப்பர் துண்டுக்காகப் போகப்போகிறாள். ஓடும்போது அவர் மனதில் அது ஒன்றுதான் இருந்தது.

சட்டென்று வாக்கிடாக்கி அமைதியானது. அழகம்மை விரலை எடுத்துவிட்டார்.

"செல்வராணி, பிரேக் கல்லு மாதிரி இருக்கும், பயப்படாதே! ரெண்டு காலையும் வச்சு ஒரே மிதி, எடுக்காதே! ஹேண்ட்பிரேக்க இழு! ஸ்டியரிங் திரும்பாது, தனியா முடியாது. அழகு, நீயும் புடி! உன் பக்கமா இழு, மேட்டுப் பக்கம், இழு அழகு!"

வண்டி ஒரு கணம் வலது பக்கமே சாய்ந்தது. பின்சக்கரம் பாதை ஓரத்து மண்ணைச் சரித்தது. கற்கள் பள்ளத்தில் விழுகிற சத்தம் சாத்தப்பனுக்குக் கேட்டது. பிறகு மூக்கு மெதுவாக, பிடிவாதமாக, இடது பக்கம் திரும்பியது. செம்மண் மேட்டில் போய் முட்டி, ஒரு குலுக்கலோடு நின்றது.

சாத்தப்பன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோது செல்வராணி இரண்டு காலையும் பிரேக்கிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். "மன்னிச்சிடுங்கண்ணே" என்று விம்மினாள். "என் தப்புதான். எனக்கு ஓட்டத் தெரியல. தண்ணில எதையோ தப்பா பண்ணிட்டேன். அக்காவக் கொல்லப் பாத்தேனே!"

ஓட்டத் தெரியல. ராஜசேகரனுக்கு அவர் எழுதி அனுப்பிய அதே சொல், இந்தப் பெண்ணின் வாயிலிருந்து வந்தது. சாத்தப்பனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல்லைத் தேடி வைத்தார்.

அழகம்மை மறுபக்கம் இறங்கி வந்தார். ஸ்டியரிங்கை இழுத்ததில் இரண்டு வளையல் உடைந்து மணிக்கட்டில் கீறியிருந்தது. அதைத் துடைக்காமல் கணவரையே பார்த்தார்.

"பிரேக் கல்லாயிடும், ஸ்டியரிங் திரும்பாதுன்னு சொன்னீங்களே. நாங்க சொல்றதுக்கு முன்னாலயே சொன்னீங்க. எப்படித் தெரியும்?"

சாத்தப்பன் குனிந்து, சக்கரத்துக்குப் பின்னால் வைத்த கல்லை இன்னும் உள்ளே தள்ளினார்.

"நம்ம வண்டியும் அதே ஆத்துலதானே வந்துச்சு. அது ஏன் நிக்கல?"

"அத..." என்றார். "அத அடைச்சிட்டேன். பிப்ரவரில. வேலு கிட்ட."

அழகம்மை திரும்பிப் பார்த்தார். மேலே, இறக்கத்தின் தலைப்பில், அந்த அடைத்த வண்டி பத்திரமாக நின்றுகொண்டிருந்தது.

"நான் எறங்கி இந்த வண்டில ஏறுனப்ப, பாத்துக்கிட்டுதான் இருந்தீங்க" என்றார். "கை ஆட்டுனீங்க."

"ஆமா."

அழகம்மை மணிக்கட்டைத் துடைத்துக்கொண்டார். திரும்பிப் போய்ச் செல்வராணியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வாக்கிடாக்கி கரகரத்தது. "சாத்தப்பா, என்ன சத்தம் அங்க? எல்லாம் சரிதானே?" காசியின் குரல். "மழை வந்துருச்சு, நாங்க ரெண்டாவது எறக்கத்துக்கு வந்துட்டோம். எறங்கட்டுமா?"

பத்து இருபத்து மூன்று. ஐந்து வண்டி. ஐந்திலும் அதே ரப்பர். சாத்தப்பனுக்கு இப்போது வேறு மாதிரி பயம், தன்னைப் பற்றியதே இல்லாத பயம். பொத்தானை அழுத்தினார்.

"எறங்காதீங்க! யாரும் எறங்காதீங்க! ஹேண்ட்பிரேக்கப் போட்டு எஞ்சின அணைங்க, எல்லாரும் வெளிய வந்துடுங்க. தண்ணி உள்ள போயிருக்கும், எந்த வண்டி வேணும்னாலும் நின்னுடும். செல்வராணி வண்டி நின்னுடுச்சு. அந்தப் புள்ள மேல தப்பில்ல. ராஜசேகரன் மேலயும் தப்பில்ல. ரிம்பாவுல குறை இருக்கு. எனக்குப் பிப்ரவரிலேருந்தே தெரியும். என் வண்டிய மட்டும் சரிபண்ணிக்கிட்டேன்."

விரலை எடுத்தார். செம்பனை மரங்களுக்கு அப்பால் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைவது கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது சத்தம் மட்டும் நிற்கவில்லை. சாத்தப்பன் ஒற்றைச் செருப்போடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் கழித்து அதுவும் நின்றது.

"என் பேத்தி பின்னால உக்காந்திருக்கா சாத்தப்பா" என்றார் காசி.

மழை இவர்கள் பக்கமும் வந்து சேர்ந்தது. உள்ளே வந்து உட்காருங்கள் என்று செல்வராணி கையைக் காட்டினாள். சாத்தப்பன் ஒரு அடி எடுத்து வைத்தார். அழகம்மை தன் பக்கத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.