பட்டாளத்து ஜெனரேட்டர்

மழை விட்ட காலையில் ஆஸ்பத்திரி காவலாளி முழங்காலளவு தண்ணீரில் நடந்து வந்து பட்டறை வாசலில் நின்றார்.

"அக்கா, அம்மாவை வெச்சிருக்கற குளிரறை சூடாகிட்டு வருது. ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் தண்ணிக்குள்ள கிடக்கு. அம்மாவை இன்னைக்கே எடுத்துடச் சொல்றாங்க."

மோட்டார்களுக்குக் காயில் கட்டுவதால் அவளுக்குக் காயிலக்கா என்றுதான் பெயர். முன்னறையில் அவளுடைய கடை. பின்னால் அவள் கணவரின் டீசல் பட்டறை. அம்மா வெள்ளத்துக்கு முந்தைய இரவு மூச்சுத்திணறிப் போய்ச் சேர்ந்திருந்தாள். தங்கை வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். வழியில் பாலம் உடைந்து, அவள் வந்த பஸ் அக்கரையிலேயே நின்றுவிட்டது. போன்கள் ஊமையாவதற்கு முன்பு அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்: "நான் வர்ற வரைக்கும் எடுத்துடாதக்கா. ஒரு தடவை முகத்தைப் பார்த்துக்கறேன்."

"எடுக்க மாட்டேன், நீ பத்திரமா வா" என்று இவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

காவலாளி போனபின் அவள் பின்கட்டுக்கு வந்தாள். கணவர் தார்ப்பாய் மூடிய உருவத்தைப் பார்த்தபடி ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். பட்டாளத்துக்காரர்கள் வேண்டாமென்று ஏலம் விட்டபோது அவர் ஆசைப்பட்டு வாங்கிய ஜெனரேட்டர். இரண்டு சக்கர டிரெய்லரில் பாசிப்பச்சை நிறத்தில் உட்கார்ந்திருந்தது. வந்த நாளிலிருந்து அது கொல்லையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. அம்மா அதன் மேல் துணி உலர்த்துவாள். "மாப்பிள்ளை எந்தச் சண்டைக்குக் கிளம்பறாரு?" என்று கேட்பாள். "நேரம் கிடைக்கட்டும் அத்தை, கிளப்பிடறேன்" என்பார் அவர். நேரம் கிடைத்ததே இல்லை.

"இதை ஓட்டிப் பார்க்கலாமா?" என்றாள்.

"ஓடும்னு சொல்ல மாட்டேன். எத்தனை வருஷம் கிடந்துச்சோ."

"பார்த்துடலாம்."

அவர் தார்ப்பாயை இழுத்துக் கீழே போட்டார்.

முதலில் டேங்கின் அடித் திருகைக் கழற்றினார். டீசலுக்குப் பதிலாகப் பழுப்புத் தண்ணீர் வந்தது. அது வடிந்ததும் டேங்கைக் கழுவி, பில்டரை மாற்றி, நல்ல டீசல் ஊற்றினார். கைப்பம்பை அழுத்தி, குழாயின் நட்டைத் தளர்த்தினார். நுரை நுரையாகக் காற்று வந்தது. நுரை அடங்கி, கண்ணாடி மாதிரித் தெளிந்த டீசல் வழியும்வரை அழுத்திக்கொண்டே இருந்தார். பழுதுக்கு வந்திருந்த லாரிகளின் பேட்டரிகள் இரண்டைக் கழற்றி வந்து வரிசையாக இணைத்தாள் அவள். பட்டாளத்து எந்திரத்துக்கு ஒன்று போதாது.

சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. மறுபடியும் திருப்பினார். அதே கதைதான்.

"டீசல் வருது, குழாயில காத்தும் இல்ல. அப்புறம் என்ன கேடு இதுக்கு?" என்று முனகினார்.

அவள் பக்கத்தில் குனிந்து காதை வைத்தாள். "திருப்பும்போது ஒரு டிக் சத்தம் வரணுமே. டீசலைத் திறந்துவிடற வால்வு இழுக்கவே இல்லை."

வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். முனை பச்சையாகக் களிம்பேறி, தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. வெட்டி, சுரண்டி, புது முனை வைத்து முறுக்கினாள். இந்த முறை டிக் என்றது. எஞ்சின் இருமி, கரும்புகையைக் கக்கி, ஓடத் தொடங்கியது. அவர் முகம் மலர்வதற்குள் நின்றும் போனது.

மூன்று முறை அப்படியே ஆயிற்று. அவர் ஆயில் அளவைப் பார்த்தார், சரியாக இருந்தது. ஓடுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் ஆயில் அழுத்த முள்ளும் நன்றாகவே ஏறியது.

"முள் சரியாத்தான் சொல்லுது. காவலுக்கு வெச்சிருக்கற சென்சார்தான் பொய் சொல்லி நிறுத்துது" என்றார். சாவி இருக்கும் பலகையின் ஓரத்தில் சிவப்பு மூடி போட்ட சுவிட்ச் ஒன்று இருந்தது. அதைத் தொடாமல் காட்டினார். "இதைப் போட்டா எந்தக் காவலும் கிடையாது. சண்டைக்கு நடுவுல கரண்ட் நின்னுடக் கூடாதுன்னு வெச்சிருக்கான். எஞ்சினே கருகினாலும் தானா நிக்காது."

"போடுங்க. நாம பக்கத்துலயே இருந்து முள்ளைப் பார்த்துக்கலாம்."

மூடியைத் தூக்கிச் சுவிட்சைப் போட்டார். எஞ்சின் நிற்காமல் ஓடியது. ஆனால் வோல்ட் மீட்டர் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது.

இது அவளுடைய தொழில். "சும்மா கிடந்து உள்ளே காந்தம் செத்துப்போயிருக்கு" என்றாள். உள்மூடியைத் திறந்து, காயிலுக்குப் போகிற இரண்டு வயர்களைத் தேடி எடுத்தாள். பிளஸ், மைனஸ் மாறிவிடாமல் இருமுறை சரிபார்த்தாள். பேட்டரி வயரைக் கண்ணிமைக்கும் நேரம் தொட்டு எடுத்தாள். சிறு பொறி. முள் துள்ளி எழுந்து, ஆடி, உரிய இடத்தில் நின்றது.

அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று இருவருக்கும் தெரியும்.

லாரியின் பின்னால் கட்டி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்கள். அவள் மெயினைத் துண்டித்துவிட்டுக் குளிரறைக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது நர்ஸ் ஓடிவந்தார். ராத்திரியெல்லாம் தூங்காத கண்கள்.

"மேல ரெண்டு பச்சைப் புள்ளைங்க இருக்குங்க. குறைமாசம். வெந்நீர்ப் பாட்டில வெச்சுத்தான் சூடு குடுத்துட்டிருக்கோம். ஆக்சிஜன் சிலிண்டர் தீரப்போகுது. மெஷினுக்கு ஒரு லைன் தர முடியுமா?"

"ரெண்டுக்கும் தரலாம் சிஸ்டர்" என்றாள் அவள். அப்போது அப்படித்தான் நம்பினாள்.

முதலில் மேலே கொடுத்தாள். சூட்டு விளக்குகள் எரிந்தன, ஆக்சிஜன் மெஷின் ஓடியது. பிறகு குளிரறையின் சுவிட்சைப் போட்டாள். கம்ப்ரசர் உறுமியது. எஞ்சின் முக்கி முனகியது. வோல்ட் முள் சரிந்தது. மேலே ஜன்னலிலிருந்து நர்ஸ் குரல் கொடுத்தார்: "நின்னுடுச்சு, நின்னுடுச்சு." சுவிட்சை அணைத்தாள். கணவர் வேகத்தைக் கூட்டிவைத்தார். மறுபடியும் போட்டுப் பார்த்தார்கள். மறுபடியும் சரிந்தது.

"கம்ப்ரசர் கிளம்பற வேகத்தை இது தாங்காது" என்றார் அவர். "தனியா அதை மட்டும் போட்டா ஒருவேளை ஓடும்."

அவள் மேலே ஜன்னலைப் பார்த்தாள், பிறகு குளிரறைக் கதவைப் பார்த்தாள்.

"உங்கம்மா. நீதான் சொல்லணும்" என்றார். "நீ எதைச் சொன்னாலும் நான் கேக்கறேன்."

அவள் குளிரறைக்குள் போனாள். அது குளிரறையாக இல்லை. சுவரெல்லாம் வியர்த்திருந்தது. துணியை விலக்கி அம்மாவின் நெற்றியில் கை வைத்தாள். கலைந்திருந்த முடியை விரலாலேயே ஒதுக்கிவிட்டாள். தங்கைக்கு அம்மாவின் ஜாடை. அதே நெற்றி. வெளியே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நேரமாக ஆக நின்றுகொண்டே இருக்கலாம் போலத்தான் இருந்தது. துணியை மூடிவிட்டு வெளியே வந்தாள்.

"மேலயே ஓடட்டும்" என்றாள். குளிரறைக்கு இழுத்த வயரைத் தானே கழற்றிச் சுருட்டினாள்.

அன்று மதியமே அடக்கம் செய்தார்கள். தூக்க அக்கம்பக்கத்து ஆட்கள் வந்தார்கள். மருமகனால் வர முடியவில்லை. அந்தச் சிவப்பு சுவிட்ச் போட்டிருக்கிறவரை யாராவது முள்ளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆயில் இறங்கினால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். வேறு யாரையும் நம்பி விட அவருக்கு மனம் வரவில்லை. அம்மாவைத் தூக்கிக்கொண்டு வாசலைக் கடந்தபோது அவர் எழுந்து நின்றார். ஒரு கை நிறுத்தும் லீவரின் மேலேயே இருந்தது. "போயிட்டு வாங்க அத்தை" என்று அவர் சொன்னது எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. உதடு அசைந்ததை அவள் மட்டும் பார்த்தாள்.

தண்ணீர் வடிந்து, படகில் ஆட்களை இக்கரைக்குக் கொண்டுவரத் தொடங்கியபோதுதான் தங்கை வந்தாள். பையைக்கூட இறக்காமல், "அம்மா எங்க?" என்றாள்.

அக்கா எதையும் மறைக்கவில்லை. சுவிட்சை யார் அணைத்தது, வயரை யார் சுருட்டியது எல்லாவற்றையும் சொன்னாள்.

"வாக்குக் குடுத்தியே" என்றாள் தங்கை.

"குடுத்தேன்."

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"எப்படிக் கேப்பேன் சொல்லு. போன் இல்ல, வழி இல்ல. இருந்திருந்தாலும் உன்கிட்டக் கேட்டிருக்க மாட்டேன். கேட்டா அந்தப் பாரம் உன் தலையில விழுந்திருக்கும்."

தங்கை சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிட்டபோது வரவில்லை. அக்காவுக்கு முகம் கொடுக்கவும் இல்லை. அக்காவின் கணவர் ஒரு டம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்தார். பொழுது சாயும் நேரத்தில் அவளே வாய் திறந்தாள்.

"மாமா, அந்தப் புள்ளைங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள்தான் சொன்னாள்.

"ஒண்ணு தங்கல. மறுநாளே போயிடுச்சு. இன்னொண்ணு இருக்கு. தாய்ப்பால் குடிக்குதாம்."

தங்கை முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. பிறகு எழுந்து வந்து, அக்காவுக்குக் கொஞ்சம் தள்ளி, ஆனால் அதே பாயில் உட்கார்ந்தாள்.

"அம்மாவை எங்க வெச்சிருக்கீங்க? காலையில கூட்டிட்டுப் போ."

"போலாம்" என்றாள் அக்கா.