பத்து எண்ணுங்க மிஸ்

ராஜகுமாரி டீச்சர் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. ஐயப்பன்தாங்கலில் பஸ் ஏறும்போதே அன்றைய பாடம் மனதுக்குள் ஓட ஆரம்பித்துவிடும். சென்னீர்குப்பத்தில் இறங்கும்போது கேள்வியும் தயார், பதிலும் தயார். பாடக்குறிப்பு நோட்டில் 'மாணவர் செயல்பாடு' என்ற கட்டத்தில் மட்டும் வருஷம் முழுக்க ஒரே வார்த்தைதான்: கவனிப்பர்.

ஏதோ பயிற்சிக்குப் போய் வந்தவர், வகுப்பில் ஒரு அட்டைப்பெட்டி வைத்தார். பாடம் எப்படி இருந்தது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பேர் போடாமல் சீட்டு எழுதிப் போட வேண்டும். 'சூப்பர் மிஸ்' என்று இருபது சீட்டு வந்தது. டீச்சருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருபத்தொன்றாவது சீட்டைப் பிரித்தார்.

"மிஸ், கேள்வி கேட்டுட்டு நீங்களே பதில் சொல்டறீங்க. எனக்கு பதில் வந்துகினு கீது, அதுக்குள்ள முடிஞ்சிடுது. பத்து எண்ணுங்க மிஸ்."

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு நோட்டைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் கவனிப்பர், கவனிப்பர். வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் வகுப்பைப் பார்வையிட்டு அறிக்கை எழுதத் தலைமையாசிரியர் சம்பந்தம் வரப்போகிறார். பிள்ளைகள் பேசாமல் உட்கார்ந்திருந்தால் டீச்சர் பெயர்தான் கெடும். அது தெரிந்தும், அந்தக் கட்டத்தில் 'பத்து எண்ணும் வரை யோசிப்பர்' என்று எழுதினார்.

மறுநாள் எல்லோருக்கும் வட்டக் காகிதங்களைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: பரோட்டா இரண்டு, ஆள் மூன்று, ஆளுக்கு எவ்வளவு? வகுப்பு கப்சிப் என்றிருந்தது. மனதுக்குள் எண்ணத் தொடங்கினார். ஐந்து வந்தபோது நாக்கு துறுதுறுத்தது. ஏழு வந்தபோது, கடைசி பெஞ்சில் பாடக்குறிப்பு நோட்டோடு உட்கார்ந்திருந்த சம்பந்தம் சாருக்குப் பொறுக்கவில்லை. "மூன்றில்..." என்று ஆரம்பித்துவிட்டார்.

அறிக்கை எழுதப்போகிறவர் அவர்தான். ஆனாலும் ராஜகுமாரி தன் உதட்டில் விரலை வைத்து அவரைப் பார்த்தார். சார் திகைத்துப்போய் வாயை மூடிக்கொண்டார்.

ஒன்பதில் குல்ஷன் எழுந்தாள். ஜூன் மாதத்திலிருந்து 'உள்ளேன் மிஸ்' தவிர வேறெதுவும் பேசாதவள்.

"ரெண்டையும் மும்மூணா பிச்சா ஆளுக்கு ரெண்டு துண்டு மிஸ். மூணுல ரெண்டு."

டீச்சர் அதை அப்படியே போர்டில் எழுதி, பக்கத்தில் பெரிதாக ஒரு சரி போட்டார். 

சாயங்காலம் பெட்டியில் ஒரு சீட்டு பச்சை மையில் இருந்தது. பள்ளியில் பச்சைப் பேனா ஒருவரிடம்தான் உண்டு.

"ஏழு வரைக்கும்தான் முடிந்தது டீச்சர். நாளைக்கும் வருகிறேன்."