விர்ஜிலின் முழங்காலுக்கு அடுத்தபடி

"இன்னைக்கு என்னைக் கவலையில சேர்க்காதே டெரிக்," என்றாள் கோரின். "சந்தோஷத்துல சேரு."

அவள் கணவன் சபைக்குக் கிளம்பச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். வீட்டு ஜன்னலோரம் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் தலையணையில் சாய்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் பிரசங்கம் முடிந்ததும் பாஸ்டர் ஷெரில், "யாருக்கு என்ன சந்தோஷம், என்ன கவலை?" என்று கேட்பார். எழுந்து சொல்ல வேண்டும். கவலை என்றால் சபை, "கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேளும்" என்னும். சந்தோஷம் என்றால், "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்." பேரன் பிறந்தது சந்தோஷம். மக்காச்சோளத்துக்கு மழை இல்லாதது கவலை. புற்றுநோய் என்று தெரிந்த குளிர்காலத்திலிருந்து கோரினும் கவலையில்தான் இருக்கிறாள், சபைப் பெரியவர் விர்ஜிலின் மடங்காத முழங்காலோடு.

"வாராவாரம் விர்ஜிலோட முழங்காலுக்கு அடுத்தது நான்தான். எனக்கும் அந்த முழங்காலுக்கும் கல்யாணமே ஆயிடும் போல."

"சந்தோஷம்னு என்னத்தைச் சொல்றது?"

"அது உன் பாடு."

"அங்க நின்னு பொய் சொல்ல மாட்டேன்."

"பொய் சொல்லுன்னு யார் சொன்னா? தேடிப் பாரு."

இனி மருந்தால் பயனில்லை என்று ஒமாஹா நகரத்து டாக்டர் சிகிச்சையை நிறுத்திச் சில வாரங்கள் ஆகியிருந்தன. ஊருக்கே தெரியும். அன்றிலிருந்து டெரிக்குக்குத் தனியாக ஜெபம் வரவில்லை. சபையோடு சேர்ந்து அந்த ஒரு வரியைச் சொல்வான். அதையும் வாய்தான் சொல்லும்.

காபி கொண்டுவந்து கொடுத்தான். ஒரு வாய் குடித்துவிட்டு அவள் முகத்தைச் சுளித்தாள்.

"இது காபியா? பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு."

"தினமும் போடுறதுதான்."

"தினமும் இதையா எனக்குக் குடுத்தே? பாவி. சரி, கிளம்பு. நான் ஆராதனையைப் போன்ல பார்த்துட்டு இருப்பேன்."

அவளுடைய அக்கா டோனாவைத் துணைக்கு வைத்துவிட்டுப் போனான்.

சபையில் வழக்கம்போல விர்ஜில்தான் முதலில் எழுந்தார். முழங்கால் இன்னும் மடங்கவில்லை. எல்லோரும் ஜெபித்தார்கள். பிறகு எல்லோரும் டெரிக்கைப் பார்த்தார்கள். அவன் எழுந்தான். மனதில் ஒன்றுமே இல்லை.

"சந்தோஷம்," என்றான்.

தலைகள் திரும்பின. அற்புதம் நடந்துவிட்டதோ என்று சில முகங்கள் மலர்ந்தன. அவற்றைப் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது.

"இல்ல, கோரினுக்கு உடம்பு அப்படியேதான் இருக்கு. டாக்டர் சொன்னது மாறல." முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டான். "காலைல என் காபியைக் குடிச்சா. பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்குன்னா."

அதிலென்ன என்பதுபோல எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

"மருந்து எடுத்த வரைக்கும் எதைத் தின்னாலும் இரும்பைக் கடிக்கிற மாதிரி இருக்குன்னுவா. நான் எதைக் குடுத்தாலும் பேசாம முழுங்கிடுவா. இன்னைக்குத் திட்டினா. அவளுக்கு ருசி தெரியுது."

சொல்லும்போதுதான் அவனுக்கே அது உறைத்தது.

எந்த வரியைச் சொல்வதென்று சபைக்குத் தெரியவில்லை. விர்ஜில்தான் பேசினார்.

"அந்தக் காபியை நானும் குடிச்சிருக்கேன். அவ சொன்னது உண்மைதான்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். விர்ஜில் நல்ல காலை ஊன்றி எழுந்து நின்றார்.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்," என்றார்.

சபை அதையே சொன்னது. டெரிக் சொல்லப் பிந்திவிட்டான். எல்லோரும் முடித்த பிறகு அவன் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்தபோது போன் கோரினின் மடியில் கிடந்தது. கண்கள் சிவந்திருந்தன.

"ஊர் முழுக்க இனி எனக்குக் காபி கொண்டுவரும்," என்றாள். "உன் மானம் போச்சு."

"போகட்டும்."

"கடைசியில உன் குரல் மட்டும் கேட்டுச்சு."

அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டான். ஜில்லென்றிருந்தது.

"காபி குடிக்கறியா? டோனாவைப் போடச் சொல்றேன்."

"வேண்டாம், நீயே போடு," என்றாள் கோரின். "எனக்குத் திட்டணும்."