வெட்டறைக்கு எட்டிய சிக்னல்

அக்காவின் முன்பல் உடைந்ததற்கு ஃப்ரீசர் கதவுதான் காரணம் என்று அக்காவே சொன்னாள். சோடா நம்பியதுபோலத் தலையாட்டி வைத்தான். எந்தக் கதவு கழுத்தில் விரல் தடம் பதிக்கும்? தடிமனான கண்ணாடிக்காக எல்லாரும் அவனைச் சோடா என்று கூப்பிட்டார்களே தவிர, எதிரில் இருப்பது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

அத்தானுக்குக் கறிக்கடை. முன்னால் கல்லா, அதற்குப் பின்னால் கனத்த சுவர், சுவரைத் தாண்டி வெட்டறை, அதற்கும் பின்னால் தகரம் அடித்த ஃப்ரீசர் அறை. குடியிருப்பு மாடியில். அத்தான் கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் தேனொழுகப் பேசுவார். அக்கா உள்ளே முழங்கைவரை ரத்தமாக நின்று கறி வெட்டுவாள். கோபம் வந்தால் கைக்கு எது அகப்படுகிறதோ அதுதான் அவருக்கு ஆயுதம். தராசுத் தட்டு, ஈரத்துணி, ஒரு தடவை உறைந்துபோன ஆட்டுத் தொடை. அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று அக்கா பையைத் தூக்கிய அன்று, அவள் போனை வெட்டுக்கட்டையில் வைத்து, கத்தியைத் திருப்பிப் பிடித்து, அவள் பார்க்கப் பார்க்க நொறுக்கினார். தெருவுக்கு ஒரே வழி கல்லாப் பக்கம். கல்லாவில் அவர்.

சோடா ஓர் இன்டர்நெட் கம்பெனியில் வீடு வீடாகப் போய் லைன் இழுத்துக் கொடுக்கிறவன். தன்னுடைய பழைய போனில் அக்காவின் சிம்மைப் போட்டு, அத்தானுக்குத் தெரியாமல் அவளிடம் கொடுத்தான். அவள் அதை முழங்கால்வரை ஏறும் ரப்பர் பூட்ஸுக்குள் செருகிக்கொண்டாள். ஆனால் வெட்டறைக்குள் செல்போன் டவரும் எட்டவில்லை, கல்லாவில் இருக்கும் வைஃபையும் எட்டவில்லை. மாடிக்குக் கொண்டுபோனால் அத்தான் கண்ணில் பட்டுவிடும். போய்ச் சேராது என்று தெரிந்தும் அக்கா அம்மாவுக்குக் குரல் செய்திகளைப் பதிவு செய்துகொண்டே இருந்தாள். பேசினால் நெஞ்சு கொஞ்சம் லேசாகிறது என்றாள்.

வாடிக்கையாளர் ஒருவர் வேண்டாமென்று ஒதுக்கிய ரவுட்டர் சோடாவிடம் கிடந்தது. கம்பெனி மென்பொருள் இருக்கும்வரை அதற்குத் தெரிந்தது ஒரே வேலை, கேபிளில் வருவதைக் காற்றில் விடுவது. அதை அழித்துவிட்டு, ஆர்வலர்கள் எழுதி இலவசமாக விட்டிருக்கும் ஃபர்ம்வேர் என்ற மாற்று மென்பொருளை ஏற்றினால், பக்கத்தில் இருக்கும் வைஃபையைப் பிடித்து மறுபடி வீசுகிற ரிப்பீட்டராக மாறிவிடும். அத்தானிடம் வேறு கதை சொன்னான். ஃப்ரீசருக்குள் ஒரு தெர்மாமீட்டர் வைக்கலாம், குளிர் குறைந்தால் உங்கள் போனுக்கே தகவல் வரும், அதற்கு உள்ளே வைஃபை வேண்டும் என்றான். கரண்ட் போய்ச் சரக்கு கெட்ட வயிற்றெரிச்சல் அத்தானுக்கு இன்னும் ஆறவில்லை. "பரவாயில்லையே, நீயும் உருப்படியா ஒண்ணு யோசிச்சிருக்க," என்று முதுகில் தட்டினார். தட்டியதே வலித்தது.

கடை சாத்தியிருந்த ஒரு மதியம் சோடா வெட்டறையில் லேப்டாப்போடு உட்கார்ந்தான். ரவுட்டரின் ரீசெட் ஓட்டையில் ஊசியை விட்டு அழுத்தினான். புது ஃபர்ம்வேரைத் தேர்ந்தெடுத்து ஏற்றச் சொன்னான். ஏறி முடிவதற்குள் கரண்ட் போனால் ரவுட்டருக்கும் செங்கல்லுக்கும் வித்தியாசம் இருக்காது. அவன் பிளக்கைக் காலால் அண்டக்கொடுத்தபடி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா ஒன்றும் தெரியாதவள்போலக் கட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். விளக்கு அணைந்து, உயிர் வந்ததுபோல மறுபடி எரிந்தது. ரிப்பீட்டர் என்ற இடத்தைத் தேர்ந்தெடுத்து, பழைய போனுக்கு முன்பே பழக்கமான கடை வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே கொடுத்தான். சிக்னல் கொஞ்சமாவது கசிகிற இடம் கதவு நிலைதான். அதற்கு மேலே ரவுட்டரை ஆணியில் மாட்டினான். அத்தான் வந்து இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்த்தார்.

எல்லாம் சரியாகச் செய்தவன், அக்காவின் போனில் சத்தத்தை அடைக்க மறந்துவிட்டான்.

டிங் என்றது. அத்தான் என்ன சத்தம் என்று கேட்டார். ரவுட்டர்தான் என்று சோடா சொல்லி வாயை மூடுவதற்குள் டிங், டிங், டிங் என்று நிற்காமல் வந்தது. அம்மா தினமும் அனுப்பிப் பதில் வராமல் கிடந்த செய்திகளெல்லாம் மொத்தமாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன.

"ரவுட்டர் உங்கக்கா கால்லயா இருக்கு?" என்றார் அத்தான், குரலை உயர்த்தாமல்.

அடுத்த நொடி அக்காவின் கொண்டை அவர் கையில் இருந்தது. தரையில் இழுத்துப் போட்டு, பூட்ஸை உருவினார். போன் ஈரத்தரையில் விழுந்து வழுக்கிக்கொண்டு போனது. அதை எடுத்துத் திரையில் கண்ட இடத்தில் விரலை வைத்தார். அக்காவின் குரலே பேசியது. "அம்மா, இன்னைக்குக் காதுல அடிச்சான். ஒரு பக்கம் கேக்கவே மாட்டேங்குது."

அத்தானின் முகம் தொங்கிப்போனது. அடித்ததைச் சொன்னது அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

"அடிச்சா'ன்'னா? உனக்கு நான் 'ன்'னா ஆயிட்டேன்?"

பூட்ஸாலேயே அவள் முகத்தில் அறைந்தார். மறுபடி அறைந்தார். சோடா பின்னாலிருந்து அவர் கழுத்தைக் கட்டிப்பிடித்தான். ஆட்டை உதறுவதுபோல உதறினார் அவர். கண்ணாடி எங்கோ பறந்து உடைந்தது. மாட்டியிருந்த ரவுட்டரை ஆணியோடு பிடுங்கி அவன் மண்டையில் இறக்கினார். பிளாஸ்டிக் தெறித்தது, காதோரம் சூடாக வழிந்தது. சோடாவுக்கு உலகமே கலங்கல் தண்ணீராகத் தெரிந்தது. அவன் கை வீசிய இடத்தில் யாரும் இல்லை. வயிற்றில் முழங்கால் ஏறியது. கழுத்தைப் பிடித்துத் தூக்கி, கன்னம் வெட்டுக்கட்டையில் படும்படி அழுத்தினார். கொழுப்பு நாற்றம் மூக்கில் ஏறியது. விரல்கள் கட்டையில் ஊன்ற இடது கையால் அவன் தலையை அமுக்கிக்கொண்டு, வலது கையால் கொக்கியிலிருந்த கத்தியை அவர் உருவும் சத்தம் கேட்டது.

அந்தக் கத்தி இறங்கவில்லை. அதற்கு முன்னால் வேறொன்று இறங்கியது. சோடாவின் காதுக்குப் பக்கத்தில் கட்டை அதிர்ந்தது. அக்கா வெட்டினால் எப்போதும் ஒரே வெட்டுத்தான்.

அத்தான் கத்தவில்லை. கையைத் தூக்கிப் பார்த்தார். சுண்டுவிரலும் மோதிர விரலும் கட்டையிலேயே இருந்தன. அப்படியே ஃப்ரீசர் கதவில் சாய்ந்து, சரிந்து உட்கார்ந்தார். அக்கா வெட்டுக்கத்தியைப் பிடித்தபடி அவருக்கு நேராக நின்றாள். மூக்கிலிருந்து ரத்தம் அவள் உதட்டில் வழிந்தது. அவள் இன்னொரு தடவை கை ஓங்கப்போகிறாள் என்று சோடா நினைத்தான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. பிறகு அவளே கத்தியைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள். துண்டை எடுத்து அவர் கையை இறுக்கிக் கட்டினாள். விரல்களைப் பையில் போட்டு ஐஸில் வைக்கும்படி தம்பியிடம் சொன்னாள். அவன் தடவித் தடவி எடுத்தான். இன்னும் சூடாக இருந்தன.

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ்காரர் வந்தார். வெட்டியது நான்தான் என்றான் சோடா. அவன் பொய் சொல்கிறான், நான்தான் வெட்டினேன் என்றாள் அக்கா. போலீஸ்காரர் சலித்துப்போய்க் கட்டிலில் கிடந்த அத்தானைக் கேட்டார்.

"ரெண்டும் பொய் சார். எலும்பு வெட்டும்போது கை தவறிடுச்சு," என்றார் அத்தான். "ஒரு பொம்பள வெட்டி என் கை போகுமா?"

போலீஸ்காரர் அக்காவின் வீங்கிய முகத்தையும் சோடாவின் மண்டையைச் சுற்றிய பேண்டேஜையும் மாறி மாறிப் பார்த்தார். அதெல்லாம் எப்படி ஆனது என்று அத்தானைக் கேட்டார். அத்தான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள். முதல் வருஷத்திலிருந்து சொன்னாள். நர்ஸ் ஊசி போட வந்து, கேட்டுக்கொண்டே நின்றுவிட்டாள்.

அத்தான்மேல் வழக்கு நடக்கிறது. விரல் விஷயத்தில் தன் சொல்லை அவர் இன்றுவரை மாற்றவில்லை. அவருடைய அண்ணன் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கடை பூட்டிக் கிடக்கிறது. அக்கா அம்மா வீட்டில் இருக்கிறாள். பகலெல்லாம் தூங்குகிறாள், யாராவது தட்டை வேகமாக வைத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். சோடாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. எந்த வீட்டில் போன் டிங் என்றாலும் கையில் இருக்கும் வயரைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறான்.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா திடீரென்று விரல்களை ஒட்டவைக்க முடிந்ததா என்று கேட்டாள். ஒன்று ஒட்டிக்கொண்டதாம், மற்றது கறுத்துப்போய் எடுத்துவிட்டார்களாம் என்று சோடா கேள்விப்பட்டதைச் சொன்னான்.

"எது ஒட்டுச்சு?" என்றாள்.

தெரியவில்லை என்றான். அவள் தலையாட்டிவிட்டு, தட்டை இழுத்து வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் போட்டுச் சாப்பிட்டாள்.